நகப்பூச்சு வைத்த திருகாணிகள்

மருத்துவமனை வாசலில், கார்கள் நிற்கும் இடத்தில், பட்டப்பகலில், நெவில் பென்கில்லி தன் அண்ணன் மனைவியை ஓங்கி அறைந்தான். இரும்பாலையில் சங்கிலி இழுத்தே காய்த்துப்போன கை அது. நோலீனின் தலை ஒரு பக்கமாகத் திரும்பிப் பக்கத்தில் நின்ற, பின்னால் சரக்குத் தட்டு வைத்த யூட் வண்டியின் கண்ணாடியில் மோதியது. உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியது.

வையாலா என்ற அந்த இரும்பாலை ஊரே அறிந்த வலது கை அவளுடையது. அந்தக் கையைத் தூக்கியிருந்தால் நெவில் இரண்டு பல்லையாவது பொறுக்கிக்கொண்டு போயிருப்பான். அவள் தூக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அங்கே நின்றவர்களுக்குச் சந்தேகம் வந்தது. குற்றம் செய்தவள்தானே அடி வாங்கிக்கொண்டு சும்மா நிற்பாள் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

"எங்கண்ணனைக் கொன்னுட்டியேடி," என்றான் நெவில். "உன் கையால கட்டின கரண்டு பெட்டிதானே அது."

"வெஸ் இன்னும் சாகல, நெவ். நீ வாயால சாகடிக்காத."

உள்ளே, மூன்றாவது படுக்கையில், அவள் கணவன் வெஸ்லி குழாய்களுக்கு நடுவே கண் மூடிக் கிடந்தான். மின்சாரம் அடித்து நின்றுபோன இதயம் திரும்ப ஓட ஆரம்பித்திருந்தது. மூளை திரும்புமா என்று இரண்டு நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றிருந்தார் டாக்டர். நோலீனைத் தின்றுகொண்டிருந்தது வேறு ஒன்று. நெவில் சொன்னது உண்மையாக இருக்குமோ? தான் முறுக்கிய ஏதோ ஒரு திருகாணிதான் அவனைச் சாய்த்ததோ?

நோலீனின் வாழ்க்கையில் அடி என்பது சாப்பாட்டைப் போல வேளாவேளைக்கு வந்த பொருள். போர்ட் அகஸ்டாவில் ரயில்வே வேலை பார்த்த அவள் அப்பாவுக்குச் சம்பளம் வாங்கிய நாளும் பெல்ட்டைக் கழற்றும் நாளும் ஒன்றுதான். பெண் வளர்ந்து, ஒரு நாள் வாணலியை எடுத்து அவர் மணிக்கட்டை உடைத்தாள். அன்றே வீட்டை விட்டுக் கிளம்பி வையாலாவுக்கு வந்து, சுற்றுலாக்காரர்கள் வண்டிவீடுகளோடு வந்து தங்கும் கடற்கரையோர கேரவன் பூங்காவில் துணி துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். கெட்டுப்போன இயந்திரத்தைப் பிரித்து மாட்டித்தான் மின்சார வேலை கற்றாள். ஹீட்டர், பம்ப், விளக்கு என்று பூங்காவில் எது செத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

வெஸ்லியைச் சந்தித்ததும் ஓர் அடிதடியில்தான். ஒரு மதுக்கடை வாசலில் அவளும் இன்னொருத்தியும் மயிரைப் பிடித்துக்கொண்டு உருள, விலக்கப் போன வெஸ்லியின் மூக்கில் நோலீனின் குத்து தவறி விழுந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டே அவன் கேட்டான், "இப்படி எங்க கத்துக்கிட்ட?" அடுத்த வருடம் கல்யாணம். வெஸ்லி ஒரு நாளும் கை நீட்டியதில்லை. எறிந்ததெல்லாம் அவள்தான்: தட்டு, செருப்பு, ஒருமுறை முழுக் கோழி வறுவல். கடைசியாக எறிந்த கண்ணாடிக் குவளை அவன் புருவத்தைப் பிளந்தது. தையல் போட்டுக்கொண்டு வந்தவன் ஒரு வார்த்தை சொல்லாமல் தரையில் கிடந்த சில்லுகளைப் பெருக்கினான். அந்தத் துடைப்பச் சத்தம் அவளை எந்தப் பெல்ட்டும் அடிக்காத இடத்தில் அடித்தது. இனி எறியமாட்டேன் என்று அன்று சத்தியம் செய்தாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பியர் காய்ச்சும் பழக்கம். பின்கட்டுத் தகரக் கொட்டகையில், பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் சுடவைத்து, முளைகட்டி உலர்த்தி அரைத்த மால்ட் பார்லியை அதில் ஊறவைப்பார்கள். அறுபத்தாறு டிகிரியில் ஒரு மணி நேரம் சூடு அசையாமல் நிற்க வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் சுவை போயிற்று. அந்தச் சூட்டைப் பிடித்து நிறுத்த அவளே ஒரு பெட்டி கட்டினாள். தண்ணீருக்குள் தொங்கும் ஒரு முனை சூட்டைப் பார்த்துச் சொல்லும். சூடு குறைந்தால் பெட்டிக்குள் ரிலே என்னும் தானியங்கி சுவிட்ச் டக்கென்று ஒட்டும், சிவப்பு விளக்கு எரியும், டிரம்முக்குள் இருக்கும் சூட்டுக்கம்பி வேலை செய்யும். சூடு எட்டியதும் இன்னொரு டக், விளக்கு அணையும். தன் கோபத்துக்கு இப்படி ஒரு பெட்டி யாராவது கட்டித் தந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

விரலுக்கு நகப்பூச்சு பூசாத பெண் அவள். ஆனாலும் கொட்டகை அலமாரியில் ஒரு சிவப்பு நகப்பூச்சு புட்டி எப்போதும் இருக்கும். பெட்டிக்குள் ஒவ்வொரு திருகாணியையும் முறுக்கி முடித்ததும் அதன் தலையில் ஒரு சொட்டு வைப்பாள். பிறகு யாராவது திருகினால் பூச்சு வெடித்துக் காட்டிக்கொடுக்கும்.

"பிளக்கப் புடுங்கிட்டுத்தான் தண்ணில கைய வைக்கணும்," என்று வெஸ்லியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவன் சிரிப்பான். "விளக்கு அணைஞ்சிருச்சில்ல. உன் பெட்டி பொய் சொல்லாது, நோல்."

வினை புதன்கிழமை தொடங்கியது. டிரம்மில் தண்ணீர் இல்லாமல் சூட்டுக்கம்பி ஓடி, அதன் மேலுறையில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தது. பிளக் சுடுகிறது, வயர் இளகியிருக்கிறது. நோலீன் தொட்டுப் பார்த்துவிட்டு, புதுக் கம்பியும் தடித்த வயரும் வாங்கும்வரை யாரும் இதைத் தொடக்கூடாது என்றாள். நாலு நாளில் அவளுக்குப் பிறந்தநாள். அதற்குள் ஒருமுறை பியர் காய்ச்சிவிட வேண்டும் என்றான் வெஸ்லி. பேச்சு வளர்ந்தது. அங்கே கோடை உச்சம் பிப்ரவரிதான்; அந்த வெயிலில் தகரக் கொட்டகை அடுப்பாகக் கொதித்தது. எத்தனையோ வருடம் காத்த சத்தியம் ஒரு நொடியில் போயிற்று. ஸ்பேனர் பறந்தது. அவன் காதோரமாகப் போய்ச் சுவரில் பட்டுத் தகரம் குழிந்தது.

இருவரும் வியாழன் முழுவதும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவள் கொட்டகையில் கண்டது: சூடு தணிய ஹோஸ் அடித்து நனைத்த சிமெண்ட் தரை, அதில் வெறுங்காலோடு வெஸ்லி, டிரம்மின் விளிம்பில் தொங்கிய வலது கை, நீல உதடு. பெட்டியில் விளக்கு அணைந்திருந்தது. அவள் வயரைப் பிடித்து ஒரே இழுப்பில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். அவனைத் தரையில் சாய்த்தாள். அலறல் கேட்டு வேலியைத் தாண்டி ஓடிவந்த பக்கத்து வீட்டு டிராகா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, எதிர்முனைக் குரலை ஸ்பீக்கரில் வைத்தாள். நெஞ்சை அழுத்து, இன்னும் பலமாக, எலும்பு முறிந்தால் முறியட்டும், நிறுத்தாதே என்றது போன்.

நோலீன் அழுத்தினாள். அப்பாவின் மணிக்கட்டை உடைத்த கை, குவளையை எறிந்த கை, தன் புருஷனின் விலாவை நொறுக்கியது. ஒன்று முறிந்த சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. அவள் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே அழுத்தினாள். "என்ன விட்டுட்டுப் போனா கொன்னுருவேன் உன்ன" என்று அவள் கத்தியதை டிராகா தன் இரண்டு காதாலும் கேட்டாள்.

டிராகா கெட்டவள் இல்லை. கறிக்கடையில் நின்று நடந்ததை நடந்தபடிதான் சொன்னாள்: போனில் நெஞ்சை அழுத்தச் சொன்னார்கள், அவள் அழுத்திய அழுத்தலில் விலா எலும்பு படபடவென்று முறிந்தது என்று. கேட்டவர்கள் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். புதன்கிழமைச் சண்டையும் தெருவுக்கே கேட்டிருந்தது. மின்சாரத்தில் மாட்டிவைத்து, சாகாமல் போகவே அடித்துக் கொல்லப் பார்த்தாள் என்று சனிக்கிழமைக்குள் கதை முழுசாகிவிட்டது. அன்று மதியம் அவள் சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு செங்கல் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தது. கடையில் ஒரு கிழவி அவள் காலடியில் துப்பினாள். போலீஸ்காரர் வந்து, மின்சாரப் பரிசோதகர் திங்கட்கிழமை வருவார், அதுவரை கொட்டகைக்குள் போகாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு பிற்பகல் கொட்டகையில் உடையும் சத்தம் கேட்டது.

நோலீன் ஓடினாள். நெவில் கையில் கோடரிப் பிடி. புளிக்க வைத்திருந்த பீப்பாய்கள் பிளந்து கிடந்தன. பியர் நுரைத்துத் தரையெல்லாம் ஓட, அதில் கண்ணாடிப் புட்டிகள் நொறுங்கிச் சிதறின. அலமாரி சாய்ந்திருந்தது. அவன் கண் சிவந்து, சட்டை நனைந்து, ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கேவல் அவன் தொண்டையிலிருந்து வந்தது. பெட்டியை நோக்கிப் பிடியை ஓங்கினான்.

நோலீன் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"மத்ததெல்லாம் ஒடை. இத மட்டும் விடு."

"ஏன், நாளைக்குப் பரிசோதகர் வர்றதுக்குள்ள தொடச்சு வச்சிரலாம்னா?"

"எனக்குத் தெரியணும்டா. நான்தான் செஞ்சேனா இல்லையான்னு எனக்கே தெரியல. நீ அங்கேயே நில்லு. என் கையப் பாத்துக்கிட்டே நில்லு. என் தப்புன்னு தெரிஞ்சா நான் எங்கயும் ஓடமாட்டேன். அந்தக் கட்டையால அடிச்சுட்டுப் போ."

நெவில் பிடியை இறக்கவில்லை. ஆனால் அடிக்கவும் இல்லை. அவள் தலைக்குப் பின்னால் அதைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான்.

ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, பியர் ஓடாத மூலைக்குப் பெட்டியையும் டிரம்மையும் நகர்த்தி, பிளக்கைச் செருகினாள். எண்பலகை ஒளிர்ந்தது. தேவையான சூட்டின் எண்ணைக் கீழே இறக்கினாள். டக். சிவப்பு விளக்கு அணைந்தது. இனி சூட்டுக்கம்பியில் மின்சாரம் இருக்கக்கூடாது. டெஸ்டரை அதன் ஒரு முனையில் வைத்தாள்.

டெஸ்டர் எரிந்தது.

மறுமுனையில் வைத்தாள். அங்கேயும் எரிந்தது. டிரம்மில் மிச்சமிருந்த தண்ணீரில் நனைத்தாள். தண்ணீருக்குள்ளிருந்தே அந்தச் சின்ன ஆரஞ்சு வெளிச்சம் அவளைப் பார்த்தது.

பின்னால் நெவிலின் மூச்சு வேகமாவது கேட்டது. விளக்கு அணைந்த பிறகும் மின்சாரம் போகவில்லை என்றால் ரிலே தவறான வயரை வெட்டுகிறது. மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸை வெட்டுவதற்குப் பதில், அதைத் திருப்பி எடுத்துப்போகும் நியூட்ரலை வெட்டுகிறது. சூடு நிற்கும், ஆனால் உயிர் வாங்கும் மின்சாரம் தண்ணீரில் அப்படியே காத்திருக்கும். இதைக் கட்டியது அவள். அவளேதான்.

"பாத்தியா?" என்றான் நெவில். கோடரிப் பிடி அவள் தோளைத் தொட்டது. "பாத்தியாடி?"

"மூடியத் திறக்கிறேன். பொறு."

பிளக்கைப் பிடுங்கி மூடியைக் கழற்றினாள். உள்ளே வரிசையாகச் சிவப்புச் சொட்டுகள். ரிலேயின் திருகாணிகளில் பூச்சு முழுசாக இருந்தது. சூட்டுக்கம்பிக்குப் போகும் திருகாணிகளிலும் முழுசாக இருந்தது. விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தாள், ஜெபமாலை உருட்டுபவளைப் போல. பிளக்கிலிருந்து மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் விரல் நின்றது. அங்கே மூன்று திருகாணிகள். மூன்றிலும் பூச்சு வெடித்து உதிர்ந்திருந்தது. முதல் இரண்டில் ஒரு கருப்புக் கம்பியும் ஒரு சிவப்புக் கம்பியும். மூன்றாவது, எர்த் மாட்ட வேண்டிய இடம், வெறுமையாக இருந்தது.

அவள் மாட்டியிருந்தது பழுப்பும் நீலமும் பச்சைமஞ்சளும்.

இழுத்துப் பார்த்தாள். துணி சுற்றிய பழைய வயர். பிளக்கோடு சேர்ந்து ஏதோ பழைய சாமானிலிருந்து வெட்டியெடுத்தது. உள்ளே இரண்டே கம்பிகள். வெள்ளிக்கிழமை அதைப் பிடித்து இழுத்தபோது அவள் கண்ணில் வெஸ்லியின் முகம்தான் இருந்ததே தவிர வயர் இல்லை. இன்று பிளக்கைச் செருகியபோதும் பார்வை முழுக்கப் பெட்டியின் விளக்கில்தான் இருந்தது.

"இது யாரோட வயரு?" என்றாள்.

திரும்பிப் பார்த்தாள். நெவிலின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நெவ். இது யாரோட வயரு?"

"அப்பாவோட ஹீட்டர்ல இருந்தது," என்றான் மெல்ல. "வெஸ்தான் கேட்டான். உன் பிறந்தநாளுக்குள்ள காய்ச்சணும்னு. உன்கிட்ட சொல்லாதன்னான். நான் வீடியோ பாத்துத்தான் மாட்டினேன். அதுல சொன்ன மாதிரியேதான் மாட்டினேன். கருப்பு ஃபேஸுன்னு தெளிவாச் சொன்னான்."

"எந்த ஊருக்காரன்?"

கோடரிப் பிடி அவன் கையில் தாழ்ந்தது. "அமெரிக்காக்காரன்."

அவர்கள் ஊரில் கருப்பு ஃபேஸ். இங்கே அப்பாக்கள் காலத்து வயரில் சிவப்புதான் ஃபேஸ், கருப்பு நியூட்ரல். வையாலாவில் எந்தக் கொட்டகையில் தேடினாலும் அப்பாவின் பழைய வயர் ஒன்று கிடைக்கும், எந்தப் போனைத் தட்டினாலும் ஓர் அமெரிக்கன் பியர் காய்ச்சிக் காட்டுவான். இரண்டும் ஒரே பெட்டிக்குள் சந்தித்ததில் பெட்டி தலைகீழாகிவிட்டது. சூட்டுக்கம்பியின் விரிசல் வழியே தண்ணீரில் கசிந்த மின்சாரத்தைத் தாங்கிக்கொள்ள எர்த்தும் இல்லை.

வெள்ளிக்கிழமையிலிருந்து யாரும் கேட்பதற்கு முன்பே அவன் கத்தியதும், அறைந்ததும், இன்று இத்தனை பீப்பாய்களை உடைத்ததும் எதற்கென்று நோலீனுக்குப் புரிந்தது. நெஞ்சின் அடியில் அவனுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது. அதை வெளியே வரவிடாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

நெவில் தன் வலது கையை மேசைமேல் விரித்து வைத்தான். இடது கையால் கோடரிப் பிடியைத் தலைக்கு மேல் தூக்கினான். அவன் என்ன செய்யப் போகிறான் என்று நினைப்பதற்குள் நோலீன் தன் முன்கையை நடுவில் நீட்டியிருந்தாள். அடி அதில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தத்தை இந்த வாரத்தில் மறுபடியும் கேட்டாள், இம்முறை தன்னுடையது.

வலியில் கண் இருண்டது. அப்படியே மறுகையால் நெவிலின் கன்னத்தில் விட்டாள் ஒன்று. அவன் நுரைக்கும் பியரில், புட்டிச் சில்லுகளுக்கு நடுவே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான்.

"எழுந்திரு," என்றாள். "கை போனா எப்படி வண்டி ஓட்டுவ? என்னால இனி ஓட்ட முடியாது."

"வெஸ்கிட்ட சொல்லிறாத, நோல். கால்ல விழறேன்."

"நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லப்போற."

அவள் பையில் போன் அதிர்ந்தது. மருத்துவமனை. வெஸ்லி கண் திறந்துவிட்டான், மனைவி பெயரைச் சொல்லிக் கேட்கிறான் என்றது நர்ஸின் குரல்.

கிழிந்த உதடும் துண்டில் சுற்றிய கையுமாக நோலீன் வார்டுக்குள் முன்னால் போனாள். வீங்கிய கன்னமும் ஈரக் கால்சட்டையுமாக நெவில் பின்னால் வந்தான். வெஸ்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

நெவில் கட்டிலின் கால்மாட்டு இரும்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கருப்பு, சிவப்பு, அப்பாவின் வயர், அமெரிக்காக்காரன், நோலீனை அறைந்தது, தன் கூட்டாளி எறிந்த செங்கல்லைத் தான் தடுக்காமல் நின்றது, எதையும் மறைக்கவில்லை. நாளைக்குப் பரிசோதகரிடமும் பிறகு ஊர் கிளப்பில் எல்லார் முன்னாலும் இதையே சொல்வேன் என்றான். சொல்லி முடித்து அடி விழக் காத்திருப்பவன் போல் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ மாட்டும்போது டார்ச் புடிச்சது நான்தானே," என்றான் வெஸ்லி. குரல் காற்றாக வந்தது. "ரெண்டு முட்டாளும் சேர்ந்துதான் பண்ணோம்." பிறகு நோலீன் பக்கம் கண்ணைத் திருப்பினான். "விளக்கு அணைஞ்சிருந்துது, நோல். அதான் கைய விட்டேன். உன் பெட்டி பொய் சொல்லாதுன்னு."

வாணலியை எடுத்த நாளிலும் அழாதவள், செங்கல் வந்து விழுந்தபோதும் அழாதவள், அவன் படுக்கை விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினாள். நெவில் வெளியே போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து வெஸ்லி முனகினான். "நெஞ்செல்லாம் வலிக்குது. யாரோ ஏறி மிதிச்ச மாதிரி."

"நான்தான்," என்றாள் தலையைத் தூக்காமல். "ரெண்டு விலா ஒடஞ்சிருக்கு. நிறுத்தாதன்னாங்க, நான் நிறுத்தல."

அவன் கை மெதுவாக நகர்ந்து வந்து, வீங்கிக் கிடந்த அவள் விரல்கள்மேல் படிந்தது.

"கண்ணு தெறக்கும்போதே நெனச்சேன்," என்றான். "அந்தக் கை எனக்குத் தெரியாதா."